இடமிருந்து நான்காவது ஆள்

அன்று மாலை அந்த மாளிகையில் இருந்தவர்கள் ஏழு பேர். எங்கள் பக்கம் நான், என் தங்கை, என் மகள். பிள்ளை வீட்டுப் பக்கம் பிள்ளை, அவனுடைய அப்பா, அம்மா. ஏழாவது, மாளிகையைச் சுற்றிக் காட்டிய பெண். எட்டாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உறவில் இருபது பேராவது தாங்களும் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலப் பேசிக்கொண்டு திரிகிறார்கள்.

என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகளுக்கு முப்பத்தொன்று. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. வந்த வரன்களையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிக்கழித்தவள், இந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவை காப்பி போட்டாள். என் தங்கை சமையலறையிலிருந்து வந்து என் காதோடு சொன்னாள்: "அண்ணா, அவளுக்குப் பிடிச்சுப் போச்சு. நீ வாயத் திறந்து எதையும் கெடுத்துடாத."

பிள்ளைக்கு அலங்கார விளக்குகள் போடும் ஒப்பந்தத் தொழில். அவனுடைய அப்பா மின்சார இலாகாவில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர். ஊரில் அவருக்குக் கம்பத்தார் என்று பெயர். போனில் பேசினாலும் "நான் கம்பத்தார் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு மனிதன் தன் பட்டப்பெயரைத் தானே சொல்லிக்கொள்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது.

அன்று பேச்சுவாக்கில், தன் பையன் இந்த வருடம் பழைய மாளிகைத் தோட்டத்துக்கு விளக்குப் போடுகிறான் என்று கம்பத்தார் பெருமையாகச் சொன்னார். குளிர்காலத்தில் ஆறு வாரம் அந்தத் தோட்டம் முழுக்க விளக்கு எரியும். சீட்டு வாங்கிக்கொண்டு ஊரே போய்ப் பார்க்கும். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"அந்த மாளிகையா? எங்கப்பா அங்க முப்பது வருஷம் நிர்வாகியா இருந்தார்" என்றேன்.

என் தங்கை காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

கம்பத்தாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்படிப் போடுங்க! அப்போ அடுத்த வாரம் எல்லாரும் அங்கயே போவோம். விளக்கையும் பாத்த மாதிரி ஆச்சு, உங்கப்பா இருந்த இடத்துல நின்னு தேதி குறிச்ச மாதிரியும் ஆச்சு. என்ன சம்பந்தி?"

தேதி குறிக்கும் முன்பே சம்பந்தி. மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

உண்மை இது. என் அப்பா அந்த மாளிகையில் விளக்குக்காரர். தோட்டத்துக்கு மின்சாரம் வராத காலத்தில் அதே குளிர்காலத்தில் வீட்டுக்காரர்கள் விருந்தினரை அழைப்பார்கள். நடைபாதை ஓரங்களில் அறுநூறு கண்ணாடி விளக்குகள். மத்தியானம் எண்ணெய் ஊற்றி, திரி சீவி, பொழுது சாயும்போது குளத்தங்கரையில் தொடங்கி வீடு வரை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றி முடித்ததும் விருந்தினர் கண்ணில் படாமல் செடிவேலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். கடைசி ஆள் உள்ளே போன பிறகு வந்து அணைக்க வேண்டும். ஒரு வருடம் விளக்கொன்று வெடித்து இடது கை வெந்தது. விருந்து நடந்துகொண்டிருந்தது. அதனால் சத்தம் போடாமல் வேலிக்குப் பின்னால் அப்படியே நின்றிருக்கிறார். சுண்டு விரலும் மோதிர விரலும் ஒன்றாக ஒட்டி ஆறின.

வேலிக்குப் பின்னால் நின்றவரின் மகன் என்று சொல்லிக்கொண்டு ஒரு சபையில் முன்வரிசையில் உட்கார முடியாது என்று நினைத்தேன். என் கல்யாணத்தின்போது மாமனார் வீட்டில் நிர்வாகி என்று முதலில் சொன்னேன். பிறகு அலுவலகத்தில் சொன்னேன். பொய்க்கும் நாற்பது வயதானால் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எழுந்து நின்று யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஐந்தரை மணிக்கு வாசலில் கூடினோம். ஆறு மணிக்குத்தான் விளக்கு எரியும் என்றார்கள். மரங்களிலெல்லாம் கம்பி சுற்றியிருந்தது. அவற்றில் உள்ளே கருகிப்போயிருந்த பல்புகளைக் கம்பத்தார் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"இவர கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் இதே கதைதான்" என்றார் அவர் மனைவி. "மாப்பிள்ளை கருப்பா செவப்பான்னு கேட்டா தெரியாது. சீரியல் பல்புல எத்தன ஃபியூஸ் போயிருக்குன்னு கேளுங்க, சொல்வார்."

"எரியாதது கண்ணுல படும்டி. எரியறதத்தான் எல்லாரும் பாக்கறாங்களே."

என் மகள் சிரித்தாள். பிள்ளையும் சிரித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்ததை நான் கவனித்தேன்.

முன்வாசல் படிகளில் மேலிருந்து கீழ்வரை விளக்குச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். சுற்றிக் காட்டும் பெண் எங்களைப் பின்பக்கம் அழைத்தாள்.

"முன்வாசல் வழியாவே போலாமே" என்றேன்.

"சீசன்ல எல்லாருக்கும் சமையல்கட்டு வழிதான் சார். மந்திரி வந்தாலும் இதான்."

"கேட்டியாம்மா?" என்றார் கம்பத்தார் அவளிடம். "இவங்கப்பா இங்க நிர்வாகியா இருந்தவர். முப்பது வருஷம்! அவர் பையனையே சமையல்கட்டு வழியா விடறீங்களே."

அந்தப் பெண் நின்றுவிட்டாள். "அப்படியா சார்? எந்த வருஷம்? நிர்வாகிங்க எல்லாரோட விவரமும் எங்ககிட்ட இருக்கே. பேர் சொல்லுங்க, பாத்துடலாம்."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்றேன். "நேரமாகுது."

அந்தப் பின்வாசலின் கல்படியில் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. பலர் மிதித்துத் தேய்ந்த பள்ளம். என் அப்பா முப்பது வருடம் மிதித்த படி அது. நான் அதில் கால் வைக்காமல் ஓரமாக ஏறினேன்.

உள்ளே நீண்ட நடை. பாத்திரங்கள், இஸ்திரிப் பெட்டிகள், எந்த அறையில் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் மணிகளின் வரிசை. நடையின் முடிவில் ஒரு பெரிய புகைப்படம். சமையல்கட்டுப் படிகளில் பதினோரு வேலையாட்கள். கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை. படத்துக்கு அடியில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு நோட்டுப் புத்தகம், நூலில் கட்டிய பென்சில்.

"இதுல ஏழு பேரோட பேர் கண்டுபிடிச்சாச்சு" என்றாள் அந்தப் பெண். "யாராவது பாத்துட்டு 'ஐயோ, இது எங்க பெரியம்மா'ம்பாங்க. நோட்டுல பேரையும் உறவையும் எழுதினா அட்டைய மாத்திடுவோம். நாலு பேர்தான் பாக்கி."

என் மகள் குனிந்து பார்த்தாள். நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணுக்குள் பார்க்கிறவள். எதையும் அவசரமாகப் பார்க்க மாட்டாள். "அத்தை, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள். என் தங்கை போய்ப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இது நம்ம தாத்தா."

"எது, எது?" கம்பத்தார் கழுத்தை நீட்டினார். "நடுவுல நாற்காலியில உக்காந்திருக்காரே, அவரா?"

"இல்ல மாமா. இடமிருந்து நாலாவது. கையில நீளமா ஒரு கழி வெச்சிருக்காரே, அவர்."

அட்டையில் எழுதியிருந்தது: விளக்குக்காரர். பெயர் தெரியவில்லை.

அவள் முகத்தில் கலக்கமோ வெட்கமோ இல்லை. பொருட்காட்சிக் கூட்டத்தில் தொலைந்துபோன சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவள்போல இருந்தாள். பென்சிலை எடுத்தாள்.

"வை அத" என்றேன். "அது உன் தாத்தா இல்ல."

"அப்பா, விரலப் பாருங்க."

"விரல் யாருக்கு வேணும்னாலும் வேகும். உன் தாத்தா நிர்வாகி. நிர்வாகி எதுக்கு விளக்குக் கழியோட வேலக்காரங்க நடுவுல நிக்கப்போறார்?"

அவள் ஏழு வயது வரை அந்த இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள். ஒட்டியிருந்ததால் சின்னக் கைக்கு அது வசதியான பிடி. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் என்னையே பார்த்துக்கொண்டு பென்சிலை விட்டாள். அது நூலில் ஆடி முக்காலியின் காலில் இரண்டு மூன்று தடவை தட்டியது.

கம்பத்தார்தான் பேசினார். "விடும்மா. ஒரே ஜாடையில ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்லுவாங்க." பிறகு என் தங்கையிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கும் அப்பாதானே?"

என் தங்கை முந்தானையை இழுத்துச் செருகினாள். "அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அப்போது வெளியே விளக்கு போட்டுவிட்டார்கள். எல்லோரும் தோட்டத்துக்கு வந்தோம். குளத்தைச் சுற்றி மஞ்சள், மரங்களில் நீலம், நடைபாதை ஓரம் பழைய விளக்குகளைப் போலவே செய்த கண்ணாடிக் கூடுகள். அந்த யோசனை தன்னுடையது என்று பிள்ளை மெதுவாகச் சொன்னான். விளக்கைப் பார்க்க வேண்டியிருந்ததால் யாரும் யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தேதிப் பேச்சு எழவேயில்லை.

காரில் என் தங்கை வாயைத் திறந்தாள். "உனக்கு அப்பா வேண்டாம், சரி. எனக்கும் இல்லாம ஆக்கிட்டியே."

"நீயும்தானே ஆமான்னு சொன்ன?"

"அதுக்குத்தான் எனக்கு என் மேலயே காறித் துப்பணும் போல இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கூடத்தில் மாட்டியிருந்த தாத்தா படத்தின் எதிரில் நின்றாள். ஸ்டுடியோவில் எடுத்த படம். கோட்டு வாடகைக்கு வாங்கியது. "இதுல இடது கையப் பைக்குள்ள விடச் சொன்னது யாரு?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன். அதை அவளிடம் ஒத்துக்கொள்ளாமல் கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாளே அவள் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னிடம் மறைக்கவில்லை. "நான் சொல்லிட்டேம்பா" என்று அறிவித்துவிட்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் போன் வந்தது.

"நான் கம்பத்தார் பேசறேன். ஐயா..."

சம்பந்தி போய் ஐயா வந்திருந்தது.

"உங்கப்பா அங்க விளக்கேத்தினவர்னு பொண்ணு சொல்லிச்சு. சத்தியமாச் சொல்றேன், எனக்கு சந்தோஷமா இருந்தது. அவர் எண்ணெயில ஏத்தினார், என் பையன் ஒயர்ல ஏத்தறான், அவ்வளவுதானே? முழுப் பூசணிக்காய எதுக்குச் சோத்துல மறைக்கணும்? வாங்க, நாம ரெண்டு பேரும் போய் அந்த நோட்டுல பேர எழுதிட்டு வருவோம். அங்கயே தேதி குறிச்சுடலாம்."

அதைவிட மரியாதையாக ஒருவன் இன்னொருவனுக்கு வழிவிட முடியாது. இன்று அது புரிகிறது. அன்று என் காதில் விழுந்தது வேறு. கம்பம் ஏறியவன் ஒருவன் எனக்கு யோக்கியதை கற்றுக்கொடுக்கிறான் என்றுதான் கேட்டது.

"நான் சொன்னது சொன்னதுதான். அது எங்கப்பா இல்ல" என்றேன்.

"நாளைக்கு யாராவது உங்ககிட்ட என் படத்தக் காட்டிக் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் இரண்டு பெட்டிகளோடு அத்தை வீட்டுக்குப் போனாள். தாத்தாவின் படத்தைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அவளுக்கு அந்தக் கோட்டுப் போட்ட ஆளைத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. தபாலில் வந்தது. மணமகள் பெயருக்கு மேலே, விளக்குக்காரர் என்று என் அப்பாவின் பெயரைப் போட்டு, அவர்களின் பேத்தி என்றிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை. அச்சகத்தில் விட்டுப்போயிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். நாற்பது வருடம் எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு எது விட்டுப்போனது, எது விடப்பட்டது என்று தெரியாதா?

கல்யாணத்துக்குப் போனேன். பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மண்டபம் முழுக்கப் பிள்ளையின் விளக்குகள். கம்பத்தார் என்னைப் பார்த்துவிட்டு முன்னால் வரும்படி கையைக் காட்டினார். தெரியாததுபோல இருந்துவிட்டேன். சாப்பிடாமல் வந்தேன்.

இனி, ஊரில் உலவும் பேச்சுகள். தாத்தா வேலைக்காரர் என்பதால் பிள்ளை வீட்டார் தயங்கினார்கள் என்கிறார்கள். அவர்கள் தயங்கவில்லை. என்னைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அழைத்தார்கள்.

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் தனியாக மாளிகைக்குப் போய், அந்தப் படத்தின் முன் நின்று அழுது, நோட்டில் அப்பாவின் பெயரை என் கையால் எழுதிவிட்டு வந்ததாகச் சொல்கிறார்கள். அட்டையை மாற்றிவிட்டார்கள் என்பது மட்டும் உண்மை; நோட்டோடு சேர்த்து அதைத் தங்கை போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். மற்றது என் தங்கை இரக்கப்பட்டுக் கிளப்பியதாக இருக்கலாம். நான் போகவில்லை. நோட்டில் இருப்பது என் மகளின் கையெழுத்து.