பங்கு வேண்டாம் என்றவள்

பட்டாசுக் கம்பெனி வேன் நாரணாபுரம் திருப்பத்துக்கு வந்தாலே பொன்னுத்தங்கம் தலையைக் குனிந்துகொள்வாள். அந்த இடத்தில்தான் அவள் அப்பாவின் மனை இருந்தது. இப்போது அங்கே லோடு வேன் ஓட்டும் உக்கிரபாண்டியின் வீடு நிற்கிறது.

மனையை விற்றவன் அவள் அண்ணன் மாரிக்கண்ணன். வாங்க வந்த உக்கிரபாண்டி விவரமானவன். தங்கச்சிக்கும் பங்கு உண்டே என்று அவளிடமே வந்து கேட்டான். பக்கத்தில் அண்ணன் நின்றான். பிறந்த வீட்டில் பங்கு கேட்கும் பெண்ணை ஊர் என்ன பேசும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எனக்குப் பங்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாம் எங்க அண்ணனுக்குத்தான். நீங்க தைரியமா வாங்கிக் கட்டுங்க தம்பி."

"எந்தங்கச்சி சொக்கத் தங்கம்லா!" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வாசல்நிலை வைத்த அன்று மஞ்சள் பூசிப் பொட்டு வைத்ததும் அவள்தான். நல்ல பெயர் வாங்குவதில் நம் பெண்களுக்கு அப்படியொரு அவசரம்.

போன சீசனில் வெடிவிபத்தில் கணவன் செத்துப்போனான். வந்த நிவாரணம் கடனுக்கே சரியாகிவிட்டது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். திருப்பூருக்குப் போன அண்ணன் போனையே எடுப்பதில்லை. வயசுக்கு வந்த மகளோடு ஒண்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். பத்திரத்தில் தான் கையெழுத்துப் போடவில்லை என்ற ஒரே நம்பிக்கையோடு வக்கீல் ஞானசுந்தரியிடம் போனாள்.

"வேண்டாம்னு வாங்குனவர்கிட்ட நீங்களே சொன்னீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"பேச்சுக்குத்தானம்மா சொன்னேன்!"

"அந்தப் பேச்சை நம்பித்தானே அவர் வாங்கிக் கட்டியிருக்காரு? சட்டத்துல இதுக்கு முரண்தடைன்னு பேரு. ஒருத்தரை ஒண்ணு சொல்லி நம்ப வச்சு, அதை நம்பி அவர் காரியத்துல இறங்கின பெறகு, நீங்க மாத்திப் பேசினா கோர்ட் கேக்காது. அண்ணன் மேல வேணும்னா கேஸ் போடலாம். வருசக்கணக்கா இழுக்கும்."

அங்கிருந்து நேரே உக்கிரபாண்டி வீட்டுக்குப் போனாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லிருங்க தம்பி. எம்பங்கு எனக்குக் கெடைக்கும்."

"எப்படிக்கா? அன்னிக்கு நீங்க லேசா முகஞ்சுளிச்சிருந்தாக்கூட நான் வாங்கியிருக்க மாட்டேன். பொண்டாட்டி நகைய வித்துல்லா கட்டுனேன். எங்களுக்கும் வேற எடம் ஏது?"

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தானே அவன் வாங்கினான்! அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

மறுநாள் கம்பெனியில், பக்கத்தில் உட்கார்ந்து திரி வெட்டிக்கொண்டிருந்த இசைவாணி உற்சாகமாகச் சொன்னாள்: "எந்தம்பி எங்க எடத்த விக்கப் போறான் மைனி. எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிரப் போறேன். பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுறக் கூடாதுல்லா?"

பொன்னுத்தங்கத்தின் கை நின்றது.

"மனசார வேண்டாம்னா சொல்லு தாயி. நல்ல பேருக்காகச் சொல்லாத. நம்ம பேச்ச நம்பி ஒருத்தன் வீடு கட்டிட்டா, அப்புறம் அவன் வயித்துல அடிக்கச் சட்டமும் விடாது, நம்ம மனசாட்சியும் விடாது. நானும் வேண்டாம்னுதான் சொன்னேன். இன்னைக்கு எனக்குப் பங்கும் இல்ல, அந்த வாசலும் இல்ல."