ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஜன்னலோரத்தில் இருப்பவர்களும் இப்படித் தள்ளி வாருங்கள். ஒரு பழைய காரைப் பற்றியும், அதன் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு நல்ல மனிதர் ஒளித்துவைத்திருந்த பொய்யைப் பற்றியும் சொல்கிறேன். சாவு வீட்டில் நடந்த கதைதான். ஆனாலும் பயப்படாமல் கேட்கலாம்.

முன்னறையில் பல் டாக்டரைக் கிடத்தியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கார் கொட்டகையில், அவருடைய மச்சான் பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்திக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டக்டர் என்றே எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அவர் இன்னும் அழவில்லை.

டாக்டரின் மகள் வாசலில் வந்து நின்றாள். விமானத்தில் வந்திறங்கிய உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"மாமா, அப்பாவுக்குப் பின்னாடி நான் இந்த வண்டியிலதான் போகணும். வாடகைக் கார் வேண்டாம்."

"இது ஓடாதேம்மா."

"நீங்கதானே வாரா வாரம் கூட இருந்து பாத்தீங்க? இன்னிக்கு ஒருநாள் எப்படியாவது ஓட வைங்க. அம்மா போனதுக்கப்புறம் அப்பா ஆசையா இதுல ஒரு தடவைகூட வெளிய போகலையேன்னு நினைச்சா..."

முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த வண்டி ஏன் ஓடவில்லை என்று கண்டக்டர் ஒருவருக்குத்தானே தெரியும்.

அவருடைய அக்கா, டாக்டரின் மனைவி, உயிரோடு இருந்தவரை கண்டக்டர் ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே சாப்பிட வந்துவிடுவார். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் செய்துகொள்ளாத ஆள். சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அக்கா போன பிறகு எதைச் சொல்லிக்கொண்டு வருவது? வந்தாலும் இரண்டு ஆண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எத்தனை நேரம்தான் தரையைப் பார்ப்பது? போக்குவரத்து அறுந்துபோகும் போலிருந்த சமயத்தில் டாக்டரே கூப்பிட்டார்.

"மச்சான், வண்டி மக்கர் பண்ணுது. சாவி போட ஒரு ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை வர்றியா?"

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான். டாக்டர் குனிந்தபடி "போடு" என்பார். கண்டக்டர் சாவியைத் திருப்புவார். பின்னால் டாங்க்குக்குப் பக்கத்தில் பெட்ரோலைத் தள்ளும் மோட்டார் முனகும். இன்ஜின் கிளம்பும், இருமும், கொட்டகை முழுக்கக் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றுபோகும். டாக்டர் ஸ்க்ரூடிரைவரின் நுனியை பெட்ரோலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "எல்லாம் டிக் டிக்னு நல்லாத்தான் துடிக்குது" என்பார். பிறகு பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைச் சந்துக்குள் விட்டு, "எங்க, ஆ காட்டு" என்று இன்ஜினிடமே சொல்வார்.

"நீ விசில் ஊதினாத்தான் கிளம்புமோ என்னவோ மச்சான்."

"டிக்கெட் எடுக்காத ஆள் இருக்கிற வண்டிக்கு நான் விசில் ஊதறதில்ல அத்தான்."

அதற்கு மேல் பேச்சு இருக்காது. மத்தியானம் டீயும் ரொட்டியும் வரும். ரொட்டி எப்போதும் கொஞ்சம் காய்ந்துதான் இருக்கும்.

தொடங்கிய சில வாரங்களிலேயே கண்டக்டர் கோளாறைப் பிடித்துவிட்டார். அத்தான் டீ போட உள்ளே போயிருந்தார். இவர் சும்மா இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். ஒரு பிளக் ஆடியது. மேலே ரப்பர் உறை மூடியிருந்ததால் வெளியே பார்த்தால் மாட்டியிருப்பது போலத்தான் தெரியும். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று டேஷ்போர்டுக்கு அடியிலிருக்கும் பெட்டிக்குச் சொல்லுகிற சென்சாரின் பிளக் அது. அது கழன்றிருந்தால் அந்தப் பெட்டி, இன்ஜின் குளிரில் விறைத்துக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாவம், பெட்ரோலை ஊற்று ஊற்று என்று ஊற்றும். அதுதான் புகை.

குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்; பிளக்கின் உள்ளே பின்கள் பச்சை பிடித்திருந்தன. அப்படியே அழுத்தி மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி புகையில்லாமல், திக்காமல், சமர்த்தாக ஓடியது. இது சரியாகிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? சட்டென்று அணைத்தார். பிளக்கைப் பழையபடி தளர்த்தி உறையை மேலே இழுத்துவிட்டார். உள்ளே கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தானுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

அத்தான் தட்டோடு வந்தார். "என்ன, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் பிடிபடல அத்தான்."

"சரி விடு. அடுத்த வாரம் பாப்போம்."

அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அத்தான் முன்னறையில் கிடக்கிறார். புதன்கிழமை காலை, செய்தித்தாளை மடியில் வைத்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார். ஆசை ஆசையாய் வாங்கிய வண்டியில் ஒரு மனிதரை ஏறவிடாமல் பண்ணிவிட்டோமே என்பதுதான் கண்டக்டரை அரித்தது. பிளக்கை மாட்டுவது ஒரு நொடி வேலை. எப்படி சரி பண்ணீங்க என்று அந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வது?

சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டு கையை உள்ளே விட்டார்.

பிளக் ஆடவில்லை. கெட்டியாக மாட்டியிருந்தது.

மறுபடி தடவிப் பார்த்தார். சந்தேகம் தீராமல் பிடுங்கி, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். அன்று பச்சை பிடித்துக் கிடந்த பின்கள் இப்போது பளபளவென்றிருந்தன. பல்லில் காரை சுரண்டுகிற மாதிரி, யாரோ பொறுமையாகச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

பிளக்கை மாட்டிவிட்டு, உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை.

தெருமுனை பேக்கரிக்காரர், துக்கம் கேட்க வந்தவர், சத்தம் கேட்டுக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நல்லா வச்சிருந்தாரு வண்டிய. செவ்வாய்க்கிழமைகூடக் கடைக்கு வந்தாரு."

"நடந்தா?"

"எங்க நடந்து? இதுலதான். வாரம் பூரா இதுலதானே சுத்துவாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் தொடமாட்டாரு. கேட்டா, 'இன்னிக்கு வண்டி ரிப்பேர்'ம்பாரு. அது என்னய்யா கிழமை பாத்து ரிப்பேர் ஆகுற வண்டின்னு நானும் கேலி பண்ணுவேன். சிரிச்சுக்குவாரு. சனிக்கிழமை சாயங்காலமே வந்து மச்சானுக்குன்னு ரொட்டி வாங்கி வச்சிடுவாரு."

பேக்கரிக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

கண்டக்டர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று உள்ளே கொதித்த கெட்டிலின் சத்தம், இன்ஜின் ஓடியதை மறைக்கிற அளவுக்கு அப்படியொன்றும் பெரிதாக இருந்ததில்லை என்று இப்போது ஞாபகம் வந்தது.

"மச்சான்" என்றார்.

மகள் ஓடிவந்தாள். "எப்படி மாமா சரி பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அத்தானே பண்ணி வச்சிருக்காரு."

உடலை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் மயானம் வரை அந்தக் கார் ஒரு தடவைகூட இருமாமல் போனது. மகள் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் கியரை மாற்றும்போதெல்லாம் பக்கத்து சீட்டின் மடிப்பில் கிடந்த ரொட்டித் துகள்கள் லேசாக அதிர்ந்தன. அவர் அவற்றைத் தட்டிவிடவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது மகள் சாவியை அவர் கையில் வைத்து மூடினாள். "உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. நல்லா ஓடுது, நீங்களாச்சும் ஓட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கண்டக்டர் வழக்கமான பஸ்ஸில் வந்து, வழக்கமான நிறுத்தத்தில் இறங்கினார். கையில் முந்தின நாள் வாங்கிய ரொட்டிப் பொட்டலம். கொட்டகையைத் திறந்தார். பானெட்டைத் தூக்கினார். இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கை மெல்லத் தளர்த்தி, ரப்பர் உறையை மேலே இழுத்துவிட்டார்.

பிறகு உட்கார்ந்து சாவியைப் போட்டார். வண்டி கிளம்பியது, இருமியது, கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது.

இறங்கி வந்தார். குட்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, இன்ஜினின் மேல் குனிந்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று எப்போதும் முழுசாகச் சரியாகாமலே இருக்கட்டும். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் வாரா வாரம் உங்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கட்டும்.