கருகிய அரிசி

முள்கம்பி வேலிக் கதவருகே மயிலம்மாளின் இடுப்பில் கைவைத்த புதுக் கார்ப்பரல், சுட்டுவிட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டான். அடுத்த நொடி சேலை மடிப்பைக் கிழித்து, வெதுவெதுப்பான துணி முடிச்சொன்றைப் பிடுங்கினான். அவிழ்த்தால் அரிசி.

மலாயாவில் லாபுப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அந்த வருஷம் அரிசியும் வெடிகுண்டும் ஒன்றுதான். வேலியைத் தாண்டி ஒரு பிடி போனாலும் அது காட்டுக்குள் பதுங்கியிருந்து சண்டைபோடும் காட்டுக்காரர்களுக்குத்தான் என்று சட்டம். முந்தாநாள்தான் பழைய கார்ப்பரலைப் பால்மரத்தடியில் கழுத்தறுத்துப் போட்டிருந்தார்கள். அதனால்தான், வேலைக்குப் போகிற பெண்களின் வரிசையைச் சோதிக்க லெட்சுமி நிற்கும்போதே, அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு இவனே சோதித்தான்.

"புக்கா!" மயிலம்மாளின் மூடிய வலக்கையைக் காட்டிக் கத்தினான்.

"கைய விரிங்கிறாரு. விரிச்சிரு தாயி," என்றார் ஆட்களை வேலைவாங்கும் மண்டோர் நல்லசாமி.

விரிந்தால்தானே! துப்பாக்கிக் கட்டை விரல்முட்டிகளில் இறங்கியது. இறுகிப் பளபளத்த தோல் வெடித்து, வெள்ளையாய் எலும்பு தெரிந்தது. இரண்டாம் அடியில் முழந்தாளிட்டாள். மூன்றாவது அடி தோளில்.

எட்டு மாதமாகவே தோல் அப்படித்தான். காலைக் குளிரில் விரல்கள் வெளுத்துச் செத்துப்போகும். வாய்கூடச் சுருங்கி, சோற்று உருண்டை உள்ளே போக மறுத்தது. புதன்தோறும் மருந்து கொடுக்க வருகிற டிரெசர் திருநாவுக்கரசு பார்த்துவிட்டு, "இது பெருவியாதி இல்லம்மா. தோல் இறுகுற நோவு. யாருக்கும் ஒட்டாது. விரல சூடாவே வச்சுக்க. செரம்பான் பெரிய டாக்டருக்கு எழுதியிருக்கேன்," என்றிருந்தார். அவருக்குத் தெரியும், ஒட்டாதென்று. வரிசை வீடுகளில் ஒட்டிக் குடியிருக்கும் லயத்துக்குத் தெரியுமா? ஒருத்தி வாயில் விழுந்தால் போதும், பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு நோய்க்காரர் குடியிருப்புக்கு லாரி ஏறவேண்டியதுதான். ஆகவே யாரிடமும் மூச்சுவிடவில்லை. மணலை வறுத்துக் கட்டினாள், விடிகாலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருமுன் ஆறிப்போனது. அரிசிதான் சூட்டைப் பிடித்துவைத்தது. அதே ஒரு பிடியைத்தான் இருபது நாளாய் வறுத்துவருகிறாள். லெட்சுமியிடம் மட்டும் வாதக் குடைச்சலென்று சொல்லிவைத்திருந்தாள். அவளும், "ஒங்க வீட்டுக்காரரு புடிக்காத கைய நா புடிச்சு என்னாக்கா பண்ண!" என்று சிரித்து, தினமும் சோதனையின்போது உள்ளங்கையில் முடிச்சை அழுத்திவிட்டே அனுப்புவாள்.

இப்போது லெட்சுமி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவளும் உள்ளே.

நல்லசாமி அரிசியைக் கிளறினார். "ஏந்தாயி, கரிக்கட்டையா இருக்கே. இத எவன்லா திம்பான்?" மலாயில் கார்ப்பரலிடமும் அதையே சொன்னார்.

பசித்தவன் மரப்பட்டையையும் தின்பான் என்று அவன் பதில் சொன்னான். துப்பாக்கியின் மூக்கு அவள் நெற்றியில் பதிந்தது. "யாருக்கு? பேரைச் சொல்லு!"

எந்தப் பேரைச் சொல்வாள்? சொல்லாவிட்டால் தூக்கு. கையைக் காட்டினால் லயம் போகும். லயம் போனாலும் பிள்ளை எங்கேயோ உயிரோடிருக்கும், தானும் இருப்பாள்.

"கைக்கு ஒத்தடம் குடுக்கய்யா," என்றாள். "நம்பலைன்னா இந்தா பாருங்க."

தவழ்ந்துபோய், வேலியோரம் இருந்த சில்லிட்ட தண்ணீர் வாளிக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அமுக்கினாள். இரத்தம் புகைபோலச் சுருண்டது. நூறு எண்ணும் நேரம் அப்படியே வைத்திருந்தாள். வெளியே எடுத்தாள். விரல்கள் பத்தும் மெழுகுபோல வெளுத்திருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நுனிகளில் நாவற்பழ நீலம் ஏறியது.

கார்ப்பரல் துப்பாக்கியோடு இரண்டெட்டுப் பின்வாங்கினான்.

"ஆத்தாடி, பெருவியாதிடி!" வரிசையில் ஒருத்தி அலறினாள்.

"இல்ல... டிரெசர் சொன்னாரு, ஒட்டாதுன்னு... புதன்கெழம வருவாரு, கேட்டுப் பாருங்க..."

நல்லசாமி வாளியை எட்டி உதைத்தார். சிவப்புத் தண்ணீர் செம்மண்ணில் வழிந்து, வரிசையை நோக்கி ஓடியது. பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். கதவருகே லெட்சுமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். தண்ணீர் மண்ணை நனைத்தபடி அவளுடைய வெறுங்காலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.