கண்ணாடி மட்டும் மாமா

சகலை என்கிற உறவை உண்டாக்கியவன் எவனோ, அவனுக்கு ஆண்கள் நிம்மதியாக இருப்பது பிடித்திருக்காது. அக்காவையும் தங்கையையும் கட்டிய குற்றத்துக்காக இரண்டு பேர் ஆயுசு முழுக்க ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, மாமியார் யாருக்கு முதலில் காபி நீட்டுகிறார் என்று கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் கதையில் அக்காவைக் கட்டியவர் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். தங்கையைக் கட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இரண்டு கடையும் ஒரே தெருவில், நடுவில் ஒரு மருந்துக்கடையைத் தள்ளி இருந்தன.

மாமனார் இறந்தபோது அவருக்கு ஒரு நல்ல படம் இல்லை. வீட்டு மாப்பிள்ளையே ஸ்டூடியோ வைத்திருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஸ்டூடியோக்காரரும் விட்டுவிட்டார். கடைசியில் அடையாள அட்டைக்கு எடுத்த குட்டிப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். கண் இருக்க வேண்டிய இடத்தில், மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடித்து இரண்டு வெள்ளை வட்டங்கள். மற்றதெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்ததுபோல மழுங்கிக் கிடந்தது. மாமியார் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரருக்கு மாமனார் மேல் உண்மையிலேயே பிரியம் உண்டு. பள்ளிக்கூடத்தோடு கைவிட்ட பென்சிலைத் திரும்ப எடுத்து, நினைவிலிருந்து அவர் முகத்தை வரைந்து, சட்டம் போட்டு, குடும்பம் முழுக்கக் கூடியிருந்த ஒரு மத்தியானம் எடுத்துக்கொண்டு போனார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார் மாமியார். "நல்லா இருக்கு அத்தான்" என்றான் மச்சான். ஸ்டூடியோக்காரர் மட்டும் படத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணாடி மட்டும் மாமா," என்றார். "உள்ள இருக்கிற ஆளு யாரு சகலை?"

கூடமே சிரித்தது. அதையாவது கண்ணாடிக்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் மனைவியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எந்தத் தமாஷுக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"அத்தான் விளையாட்டுக்குச் சொன்னாரு. அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு," என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"நீ எதுக்குச் சிரிச்ச?"

"சிரிப்பு வந்துச்சு. சிரிச்சேன்."

அவர் அறைக்குள் போய்ப் படத்தைப் பார்த்தார். கண்ணாடியின் கம்பி, அது காதில் வளையும் இடம், மூக்கில் அழுத்திய தடம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அந்தக் கண்ணாடியை மாமனாருக்கு மாட்டிவிட்டவரே அவர்தான். உள்ளே இருந்த ஆள் யாரோதான். சொன்னவன் மேல் வயிறு எரிந்தது என்றால், சொன்னது உண்மை என்பதில் இரண்டு பங்கு எரிந்தது.

அன்றைக்கே கறுவிக்கொண்டார். அதே கூடத்தில், அதே ஆட்கள் நடுவில், இந்த மனிதனின் முகத்தை வரைந்து வைக்க வேண்டும். கேலிப்படம் இல்லை, கேலிப்படம் என்றால் ஆத்திரத்தில் கிறுக்கினது என்று தள்ளிவிடுவார்கள். உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். அதைப் பார்த்துத் தன் மனைவி அதே சிரிப்பைச் சிரிக்க வேண்டும்.

உள்ளது உள்ளபடி வந்தாலே போதும், அந்த மனிதர் தாங்கமாட்டார். ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருந்த அவருடைய சொந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அதில் தலை நிறைய முடி. அவ்வளவும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவரே நட்டது. நிஜத்தில் ஒரு பக்கத்து முடியை வளர்த்து மறுபக்கம் வரைக்கும் படிய வாரிவிட்டிருப்பார். இடது கண் வலது கண்ணைவிட ஒரு மயிரிழை கீழே. படத்தில் அதையும் தூக்கிச் சமன் செய்திருந்தார்.

கண்ணாடிக்காரர் பழக ஆரம்பித்தார். கடைக்கு வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, "நேரா பாருங்க, அசையாதீங்க" என்று ஃபிரேம் மாட்டும் சாக்கில் முகத்தைப் படித்துக்கொண்டு, அவர்கள் போனதும் வரைந்து பார்த்தார். கண்களைத் தூக்கி நெற்றியில் வைத்தார். சிரிக்கிற வாய்க்குப் பல் பல்லாகக் கோடு போட்டு வேலி கட்டினார். மனைவியிடம் காட்டினால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "நல்லா இருக்கு" என்பாள். மருந்துக்கடைக்காரர் "பிரமாதம்" என்பார். நல்லா இருக்கு என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனிதனை முட்டாளாக வைத்திருக்க முடியும் என்பது அவருக்கு அப்போது புரிந்தது.

குறை சொல்லத் தெரிந்த ஆள் அந்தத் தெருவில் ஒருவர்தான் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, படங்களைச் சுருட்டிக்கொண்டு, கண்ணாடிக்காரர் ஸ்டூடியோ படியேறினார்.

"நீங்க சொன்னது சரிதான் சகலை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

ஸ்டூடியோக்காரருக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"நெத்தி எங்க போச்சு? தலையில பாதிக்கு நேராதான் கண்ணு. நெத்திக்கு இடமே விடாம மேல கொண்டுபோய் ஒட்டியிருக்கீங்க." அடுத்ததை எடுத்தார். "இது யாரு?"

"பால்காரர்."

"இது?"

"மருந்துக்கடைக்காரர்."

"ரெண்டும் உங்க சாயல்ல இருக்கு. இந்த மோவாய் உங்களோடது, இந்தப் புருவம் உங்களோடது. தெருவே உங்க பங்காளியா சகலை?"

அந்த மனிதர் சொல்வதெல்லாம் சரியாக இருந்ததுதான் கொடுமை. வாடிக்கையாளர்கள் தலை வாரிக்கொள்ளச் சுவரில் ஒரு கண்ணாடி இருந்தது. ஒவ்வொரு முறையும் படத்தை அதற்கு நேராகப் பிடித்துக் காட்டுவார். நேரில் சரியாகத் தெரிந்த முகம் கண்ணாடிக்குள் ஒருபக்கம் கோணிக்கொண்டு நிற்கும். சில சமயம் தலைகீழாகத் திருப்பி, "இப்ப மூக்குன்னு நெனைக்காதீங்க. நிழல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, அதை மட்டும் பாருங்க" என்பார். குறை சொல்லும்போது அவருடைய வலது நாசி லேசாக மேலேறும். அதன் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை ஒரு மடிப்பு விழும். கண்ணாடிக்காரர் தலையாட்டிக்கொண்டே அந்த மடிப்பை மனப்பாடம் செய்தார்.

வசவு வாங்குவார், கடைக்கு வருவார், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சூடு ஆறுவதற்குள் சகலையின் முகத்தை வரைவார். மூக்கு வந்தது. காது வந்தது. ஆனால் சரியாக வந்ததா என்று யாரிடம் கேட்பது? கேட்கத் தகுந்த ஒரே ஆள் அந்த மூக்குக்குச் சொந்தக்காரர்.

கேட்டால் என்ன என்று தோன்றியது. முழு முகமாகக் காட்டினால்தானே தெரியும். மூக்கை மட்டும் தனித்தாளில் வரைந்து எடுத்துப்போனார்.

"யாரு மூக்கு?"

"கடைக்கு வர்ற ஆள் ஒருத்தரு."

"தூக்கிக் காட்டியிருக்கீங்க. இந்த மாதிரி மூக்குக்கு நுனி இன்னும் கீழ எறங்கும். ஆளைத் திருப்திப்படுத்த வரையாதீங்க சகலை. எறக்குங்க."

கண்ணாடிக்காரர் பக்தியோடு இறக்கினார். அடுத்த முறை காது போயிற்று. மடல் போதவில்லை, பெரிதாக்கு என்று திரும்பி வந்தது. பிறகு நெற்றி போயிற்று, படிய வாரிய முடியோடு. "வாரி மறைக்கிற ஆளா?" என்று சிரித்தார் ஸ்டூடியோக்காரர், தன் தலையைத் தடவிக்கொண்டே. "அப்போ முடியை முடியா வரையாதீங்க. அடியில தெரியிற மண்டையை வரைங்க." தன் முகம் அவருக்கு வாசலில் மாட்டியிருந்த முகமாகவே பழகிப்போயிருந்தது.

கண்கள் போன அன்றைக்குத்தான் கண்ணாடிக்காரருக்கு உயிர் போய் வந்தது. ஸ்டூடியோக்காரர் தாளைச் சுவர்க்கண்ணாடிக்கு நேரே பிடித்துவிட்டார். கண்ணாடிக்குள் தாளில் இருந்த கண்களும், அவற்றுக்கு மேலே நிஜக் கண்களும், ஒன்றுபோல இந்தப் பக்கம் பார்த்தன.

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே," என்றார்.

"நம்ம தெருப்பக்கம் வர்றவர்தான் சகலை."

"ஹும்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாய் எப்படியோ, கண்ணு சிரிக்கல. அடுத்தவன் எங்க சறுக்குவான்னு பார்த்துக்கிட்டே இருக்கிற கண்ணு. இதுல கை வைக்காதீங்க. இதுதான் அந்த ஆளு."

கண்ணாடிக்காரர் வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டார். தாளை இன்னொரு முறை பிரித்துப் பார்த்தார். சந்தோஷம்தான்.

ஸ்டூடியோக்காரரின் கல்யாண நாளுக்கு மாமியார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். சாப்பாடு முடிந்ததும் கண்ணாடிக்காரர் காகிதம் சுற்றிய சட்டத்தைக் கொண்டுவந்து சகலையின் மடியில் வைத்தார். அக்காதான் ஆசையாகப் பிரித்தாள்.

குறை சொல்லிக்கொண்டிருக்கும் ஸ்டூடியோக்காரர். இறங்கிய மூக்கு, ஏறிய நாசி, அதிலிருந்து விழுந்த மடிப்பு. முடிக்கு அடியில் மண்டை. ஒரு மயிரிழை கீழே நின்ற இடது கண். உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பு.

முதலில் மச்சான் ஒரு மாதிரி இருமினான். மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, "அட, பெரிய மாப்பிள்ளை குழம்புல உப்பு போதலைன்னு சொல்றப்ப இப்படித்தான்" என்றார், ஒரு கள்ளமும் இல்லாமல். அவ்வளவுதான், கூடம் வெடித்துவிட்டது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர் அந்தச் சிரிப்பை ஒரு சொட்டு விடாமல் கேட்டார்.

ஸ்டூடியோக்காரர் சிரிக்கவில்லை. அவர் விரல் மூக்கில் நின்றது, காதுக்குப் போனது, கண்ணுக்கு வந்தது.

"இந்தக் கண்ணு..." என்றார் மெதுவாக.

"நீங்க சொன்னதுல ஒண்ணுகூட விடல சகலை," என்றார் கண்ணாடிக்காரர். "உள்ள இருக்கிற ஆளு யாருன்னு கேக்கலையா?"

அவர் கேட்கவில்லை. காகிதத்தை எடுத்து, மடிப்புக் கலையாமல் படத்தைத் திரும்பச் சுற்றினார்.

அப்புறம் சில வாரங்கள் கண்ணாடிக்காரர் தரையில் நடக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் சேதி தெரிந்துவிட்டது. ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருந்த படத்தைக் காணோம், ஆணி மட்டும் இருந்தது. அந்த ஆணியைப் பார்ப்பதற்காகவே அவர் வழியை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனார். இனி பாக்கி ஒன்றுதான்: மாமனாரின் படம். இப்போது கை இருந்தது. சுவரில் இருக்கும் அந்த வெள்ளை வட்டங்களை இறக்கிவிட்டுத் தன் படத்தை ஏற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

வரைந்தார். இந்த முறை கண்ணாடியைக் கடைசியில் போட்டார். நெற்றியும் கன்னமும் மோவாயும் மாமனாராகவே எழுந்துவந்தன. மாமியார் பார்த்துவிட்டு அழுதார். மனைவி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று, "அப்பா மாதிரியே இருக்குங்க. நல்லா இருக்கு" என்றாள்.

அவருக்குத்தான் எங்கோ உறுத்தியது. மாமனார்தான், ஆனால் மாமனார் இல்லை. எதுவோ ஒன்று தப்பு. தலைகீழாகத் திருப்பினார். கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். அழித்து, வரைந்து, மறுபடி அழித்தார். பார்த்துப் பார்த்து அவர் கண் மரத்துப்போய்விட்டது. வேறு வழியில்லாமல் ஸ்டூடியோ படியேறினார்.

"வாங்க சகலை, வாங்க. உட்காருங்க," என்றார் ஸ்டூடியோக்காரர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி சொல்லி அனுப்பினார். கண்ணாடிக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

ஸ்டூடியோக்காரர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் பார்வை நெற்றியில் ஆரம்பித்து இறங்கியது. மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஓரிடத்தில் நின்றது. வலது நாசி ஏறியது. ஓரத்தில் அந்த மடிப்பு விழுந்தது. கண்ணாடிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

மடிப்பு கலைந்தது. நாசி இறங்கியது.

"நல்லா இருக்கு சகலை."

"இல்ல, அங்க என்னவோ பார்த்தீங்க. என்ன அது?"

"ஒண்ணும் இல்லையே. ரொம்ப நல்லா இருக்கு."

"சகலை, தப்பு இருக்கு. எனக்கே தெரியுது. எதுன்னுதான் தெரியல. எப்பவும் போலத் திட்டுங்க, பரவாயில்ல."

"உங்களுக்குப் போய் நான் சொல்றதா? நீங்க எங்கயோ போயிட்டீங்க. காபி ஆறுது, குடிங்க."

கண்ணாடிக்காரர் கெஞ்சினார். அன்றைக்குச் செய்தது தப்பு என்றுகூடச் சொன்னார். அது பொய், சொல்லும்போதே இருவருக்கும் தெரிந்தது. ஸ்டூடியோக்காரர் சிரித்தபடி படத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். உதடு மட்டும்தான் சிரித்தது. அதை வரைந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

படம் கூடத்தில் ஏறியது. அவர் ஆசைப்பட்ட இடத்திலேயே ஏறியது. வருகிறவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு என்கிறார்கள். குடும்பம் கூடும் நாட்களில் சகலைகள் இரண்டு பேரும் பழையபடி எதிரெதிரே உட்காருகிறார்கள். ஸ்டூடியோக்காரர் ஒரு வாய் சாப்பிடுவார், தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்ப்பார். பார்வை அந்த இடத்தில் ஒரு நொடி நிற்கும், பிறகு தட்டுக்குத் திரும்பும். கண்ணாடிக்காரருக்கு அன்றைக்கு ஒரு கவளமும் இறங்காது.