நெனித்தாவின் செத்துப்போன கணவர்

முப்பது வருடமாக மணிலாவில் எங்களுக்கு மத்தியானச் சோற்றோடு அழுகையையும் சேர்த்துப் பரிமாறும் டிவி நிகழ்ச்சி அது. ஆட்டம் பாட்டெல்லாம் உண்டு. ஆனால் சோகக் கதை இல்லாதவரைப் பரிசுச் சக்கரத்தின் கிட்டேயே விடமாட்டார்கள்.

எங்கள் தெரு மீன்காரி நெனித்தாவிடம் ஸ்டுடியோ வாசல் வரிசையிலேயே விசாரித்தாள், ஆள் பொறுக்கும் பெண். “வீட்ல யாருக்காவது சீக்கு, சாவு?”

“எல்லாரும் நல்லா இருக்கோம்மா.”

“அப்ப வீட்டுக்குக் கிளம்புங்கக்கா!”

“இரு இரு, வீட்டுக்காரரு போன மாசம்தான் செத்தாரு. மறந்தே போச்சு.”

மேடையில் நெனித்தா பொளந்து கட்டினாள். “தங்கமான மனுஷன்! நான் மீன் வித்துட்டு வந்தா காலைப் பிடிச்சு விடுவாரு. அவரு மாதிரி யாரு இருக்கா?”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கிறிஸ்புலோ குலுங்கிக் குலுங்கி அழுதார். கேமரா அவரிடம் ஓடி வந்தது.

“அண்ணே, செத்தவருக்குச் சொந்தமா?” என்றார் தொகுப்பாளர்.

“ரொம்ப நெருக்கங்க.”

ஃபிரிட்ஜ் கிடைத்தது. வெளியே வந்ததும் நெனித்தா பாய்ந்தாள். “அறிவிருக்காய்யா? எதுக்கு அப்படி அழுதே?”

கிறிஸ்புலோ மூக்கைச் சிந்தினார். “நான் உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது இப்படிச் சொன்னியாடி?”