ஒன்றுக்கும் உதவாத வெளிச்சம்

கனகசுந்தரம் என்ற பெயரைக் கேட்டாலே குணேஸ்வரிக்கு உதடு கோணும். உயர்தர வகுப்பில் அவளோடு ஒன்றாகப் படித்தவன். பௌதிகத்தை விளங்காமல் பாடமாக்கிச் சித்தியடைந்தவன், இப்போது நகரத்தில் பெயர்போன ரியூசன் மாஸ்ரர். அவள் வீடு இருந்த ஓர்ஸ் ஹில் மதில்களில் எல்லாம் அவன் முகம்தான். சூரிச்சில் பௌதிக ஆராய்ச்சி செய்கிறவள், அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காக வந்திருந்தாள்; அந்தச் சுவரொட்டிகளைக் கடக்கும்போதெல்லாம் இந்த ஊருக்கு இது காணும், இதற்கு மேல் தேவையில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

அது 2008, போர்க்காலம். துறைமுகத்தில் விமானத்திலிருந்து குண்டு விழுந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தம்பலகாமத்தில் சித்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கப்பல்துறைக்குக் கிட்ட இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அவள் பையிலிருந்த மடிகணினியைத் திறக்கச் சொன்னார்கள். திரையில் பொன்னிறக் குழாய்கள் தொங்கும் ஒரு பெரிய உருளையின் படம். மேலே ‘மைக்ரோவேவ்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பஸ் போய்விட்டது. அவளை முகாமுக்குள்ளே கூட்டிப்போனார்கள்.

அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் ஆங்கிலத்தில் கேட்டார். ராடரும் மைக்ரோவேவில்தானே வேலை செய்கிறது, இது என்ன ராடர்?

ராடர் இல்லை என்றாள். அந்த உருளை விண்வெளியை விடக் குளிரான ஒரு பெட்டி, அதற்குள் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீகடத்திச் சுற்று ஒன்று இருக்கிறது, அது ஓர் அணுவைப் போல நடந்துகொள்ளும், அதைத் தட்டினால் மைக்ரோவேவ் ஒளியின் ஒரேயொரு துகள் வெளியே வரும் என்று விளக்கினாள். விளக்க விளக்க அவருடைய நெற்றி சுருங்கியது. இதைச் சரிபார்த்துச் சொல்ல ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று சிப்பாய்களிடம் கேட்டார். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பௌதிகக்காரன் மதில்களில் இருந்தவன்தான்.

கனகசுந்தரம் தன் மோட்டார்சைக்கிளிலேயே வந்து சேர்ந்தான். கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். இவனுக்கு இதில் என்ன விளங்கப்போகிறது என்று குணேஸ்வரி வேறு பக்கம் பார்த்தாள்.

“ஒருக்காத் தட்டினா எத்தினை போட்டன் துகள் வரும்?” என்றான்.

“ஒண்டு. இரண்டு வராது. அதுதான் இதின்ரை விசேஷம். சாதாரண வெளிச்சம் எண்டால் துகளுகள் கூட்டங் கூட்டமா, கண்டபாட்டுக்கு வரும்.”

“ஒண்டு,” என்று சொல்லிச் சிரித்தான். பிறகு அதிகாரியிடம் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினான். உங்கள் கையிலுள்ள தொலைபேசி ஒரு கணத்தில் கோடானுகோடித் துகள்களைக் கொட்டுகிறது, இந்த அம்மாவின் பெட்டியால் வானத்தில் பறக்கிற ஒரு நுளம்பைக்கூடக் காண ஏலாது, வெள்ளைக்காரருக்கு வேலையில்லை, இவவுக்கும் வேலையில்லை. அதிகாரியும் சிரித்துவிட்டார். அவளைப் பார்த்து, அப்படியானால் இதனால் ஒரு பிரயோசனமும் இல்லையா என்று கேட்டார்.

அவளுக்கு முகம் சூடேறியது. இவனிடம் இருந்தா இந்தத் தீர்ப்பு? இல்லை, ஒருநாள் இதனால் யாருக்கும் பிடிபடாத மெல்லிய சிக்னலையும்… என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

“பொத்தும் வாயை,” என்றான் கனகசுந்தரம் தமிழில், சிரிப்பை மாற்றாமல். அதிகாரியிடம் திரும்பி, படித்த பெண்களுக்குத் தங்கள் வேலையைப் பெரிதாகச் சொல்லாவிட்டால் நித்திரை வராது என்றான். மடிகணினி அவள் கைக்கு வந்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “என்னை விடுவிக்கத்தானே அப்பிடிச் சொன்னீங்கள்?”

“இல்லை. நான் நினைச்சதைத்தான் சொன்னனான். இவ்வளவு படிச்சு ஒரு துகள். என்னட்டைப் படிக்கிற பிள்ளையள் கம்பசிலை படிக்கப் போகுதுகள்.”

“விளங்காமலே போகினம்.”

“ஓம். விளங்கின நீர் எங்கை போக இருந்தனீர் எண்டு தெரியுமோ? அந்தாள் உம்மை விடத்தான் வெளிக்கிட்டவர். அதுக்குள்ளை ஆமிக்காரனிட்டைச் சிக்னல் பிடிக்கிறது எண்டு துவங்கிறீர். அது படிப்பில்லை, கொழுப்பு.”

தன்னை அவன் மட்டந்தட்டியதைப் பொறுக்காமல் தானே குழிக்குள் கால் வைத்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த பஸ் எப்போது என்று தெரியாததால் அவன் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஓர்ஸ் ஹில்லில் அவள் வீட்டு வாசலில் அவன் நிறுத்தினான்.

அவள் அம்மா அவனை வீட்டுக்குள் இருத்திவிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றாள். குணேஸ்வரி குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றினாள். அவன் குரல் கேட்டது.

“பயப்பிடாதேங்கோ அம்மா. உங்கடை மகள் செய்யிறது ஒரு சின்ன மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி. சூடும் வராது, சமைக்கவும் ஏலாது.”

அம்மா நிம்மதியாகச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறது. அவன் சொன்னது அடிமுதல் நுனிவரை பிழை. குணேஸ்வரி வாயைத் திறக்காமல் சீனி போட்டுக் கலக்கி, கோப்பையைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். நன்றி என்ற சொல் மட்டும் அவளுக்கு வரவில்லை. அவனும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சீனி காணாது, இன்னும் கொஞ்சம் போடும் என்றான்.