சாட்சிக்கு நிற்பவர்

"புருஷனப் புதைச்சவ அடங்கிக் கெடக்கணும். இவளுக்கு ரெண்டாவது கல்யாணம் கேக்குதா? அதுலயும் அந்தத் தெருக்காரனா கெடச்சான்?"

அம்மா தள்ளிவிட்ட தட்டு மேசை விளிம்பில் போய் நின்றது. எதிரே மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குச் சம்பளமில்லாத வேலையாள். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அவளைப் பெண் கேட்டிருந்தார். பங்குச் சாமியார் நாள்கூடக் குறித்துவிட்டார்.

"அண்ணே, கோவில்ல கல்யாணச் சாட்சிக்கு நீ நின்னாப் போதும்" என்றாள்.

அண்ணன் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் இறையியலும் தத்துவமும் நடத்துபவர். எதைக் கேட்டாலும் "அதாவது" என்று தொடங்குவதால் மாணவர்கள் அவருக்கு 'அதாவது சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

"அதாவதும்மா, கொள்கையளவுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா எனக்கு முதுகெலும்பு ஏது? தத்துவம் படிக்கப் போன அன்னைக்கே கழட்டி வச்சிட்டேனே!"

யாரும் சிரிக்கவில்லை.

"உன்ன நீயே கிண்டல் பண்ணிக்கிட்டா அடுத்தவங்க திட்ட மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்ண்ணே. கோவில்ல சாட்சி கேக்கும்போது அந்தக் கிண்டலு வந்து நிக்குமா?"

"ஊருக்குத்தான் உபதேசம்" என்று முணுமுணுத்தபடி அவர் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று வகுப்பில் மனசாட்சி பற்றிய பாடம். ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், மனசாட்சி ஒண்ணு சொல்லுது, வீட்டுல வேற சொல்றாங்க. யார் பேச்சக் கேக்கறது?"

"அதாவது, வீடு உன்ன வளர்த்துச்சு, சரி. கடவுள் முன்னால நீ தனியாத்தானே போய் நிக்கப்போற? மனசாட்சியக் கேளு."

வகுப்பு கைதட்டியது. அவருக்கே புல்லரித்தது. இவ்வளவு நன்றாகப் பேசியது யார் என்று திரும்பிப் பார்க்கலாம் போலிருந்தது.

அந்த வேகத்தில் போவதென்றே முடிவு செய்தார். கல்யாணத்தன்று காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டும்போது அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

"நீ போடா. நான் செத்தா வந்து தூக்கிப் போடு."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமா அத்த?" என்றாள் மருமகள்.

"வேணாம். எம்புள்ள பக்கத்துல இருந்தாப் போதும்."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி, நீங்க இருங்க. சாட்சிக்கு நான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

கோவில் மணி ஒலித்து ஓய்ந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வாய் காப்பி போடேன்டா."

"நெஞ்சு வலி?"

"இப்பப் பரவால்ல."

அடுப்படியில் நின்று அவர் தனக்குத்தானே சிரித்தார். பால் பொங்கி வழிந்தபோதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, கண்தான் கரித்தது.

திங்கட்கிழமை அவர் நுழைந்ததும் வகுப்பே எழுந்து கைதட்டியது.

"தங்கச்சிக்குக் கல்யாணமாமே சார்! நீங்கதானே சாட்சிக்கு நின்னீங்க?" என்று கேட்டாள் அதே மாணவி.

'அதாவது' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"இல்லம்மா. எம் மனைவிதான் நின்னாங்க. நான் பயந்துபோய் வீட்டுல எங்கம்மாவுக்குக் காப்பி போட்டுக்கிட்டிருந்தேன்."

வகுப்போ, சார் வழக்கம்போலத் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறார் என்று நினைத்து, பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தது.